பால்கனிக்கு எதிரே ஓர் அடுப்பு

சர்க்கார் சொன்ன எதையும் பவுனு நம்பியதில்லை. சர்க்காரிடம் மாதச் சம்பளம் வாங்கிய நானே பாதிக்குமேல் நம்பியதில்லை, அவள் ஏன் நம்ப வேண்டும்?

ஆர்.கே.புரத்தில் எங்கள் செக்டர் மார்க்கெட்டின் ஓரமாக ஒரு வேப்பமரம் நின்றது. அதனடியில் பவுனு இட்லிக் கடை போட்டிருந்தாள். கடை என்றால் கூரையோ பலகையோ கிடையாது. பழைய வாளிக்குள் களிமண் பூசி, அடியில் ஓட்டை போட்ட நிலக்கரி அடுப்பு ஒன்று. தில்லியில் அதற்கு அங்கீட்டி என்று பெயர். அதன்மேல் இட்லிப் பானை, பக்கத்தில் சாம்பார்த் தூக்கு, உட்கார ஒரு செங்கல். காலையில் பஸ் பிடிக்க ஓடும் குமாஸ்தாக்கள் எல்லாரும் அங்கே நின்றுகொண்டே சாப்பிடுவோம். என் மனைவி ஜெயலட்சுமி மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எனக்கு முன்பே அவள் பஸ் ஏறிவிடுவாள் என்பதால் என் காலை வயிறு பவுனுவின் பொறுப்பில் இருந்தது.

இட்லியோடு அவள் அபிப்பிராயங்களையும் சேர்த்தே வைப்பாள்.

"நெலாவுல போயி மண்ணு அள்ளியாந்தாங்களாமே சார். மண்ணுக்கு இம்மாந்தூரம் போவணுமா? எங்க குடிசையாண்ட வந்திருந்தா கூடை கூடையா அள்ளிக் குடுத்திருப்பனே."

"அது வேற மண்ணு பவுனு. போனது நிஜம்."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப பேசாம சாப்புடுங்க."

ரேடியோவில் மழை வரும் என்று சொன்னால் அன்று மிளகாய் காயப்போடுவாள். நகரத்துக் குடிநீரில் ஏதோ மருந்து கலக்கிறார்கள் என்று நான் ஒருநாள் விளக்கியபோது, "எங்க கொழாயில மருந்து மட்டுந்தான் வருது, தண்ணி இன்னும் வந்து சேரல" என்றாள். விஞ்ஞானத்தின் மேல் அவளுக்குத் தனிப்பட்ட விரோதம் ஏதும் கிடையாது. அது எந்த வண்டியில் ஏறி வருகிறது என்று மட்டும்தான் பார்ப்பாள். சர்க்கார் வண்டியில் வந்தால் ஆகாது.

அதற்குக் காரணம் இருந்தது. எமர்ஜென்சி சமயத்தில் அவள் புருஷன் பெரியண்ணன் ஒரு கட்டட வேலையில் மண் சுமந்துகொண்டிருந்தான். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு வேன் வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவனுக்குத்தான் நாளைக்கு வேலை என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். சாயங்காலம் பெரியண்ணன் காலை அகட்டி அகட்டி நடந்து வீட்டுக்கு வந்தான், கையில் அவர்கள் கொடுத்த ஒரு டின் நெய்யோடு. அவர்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. ஒன்றே போதும், வளமாக வளர்க்கலாம் என்று வேனில் வந்தவர்கள் சொல்லி அனுப்பினார்களாம். அடுத்த வருஷம் அந்தப் பெண் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அதோடு சரி. அந்த வீட்டில் அப்புறம் குழந்தைச் சத்தம் கேட்கவில்லை.

நெய் டின்னை அவள் திறக்கவேயில்லை. குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, டின்னைக் கல்லால் உடைத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பவுனு மறக்கிற ஆள் இல்லை. சில வருஷம் கழித்து அந்த மேஸ்திரி வேப்பமரத்தடிக்கு இட்லி சாப்பிட வந்தான். அவனுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. இவள் சிரித்தமுகமாகத் தட்டில் இட்லி வைத்தாள், சாம்பார் ஊற்றினாள், "எந்தூருங்க, எங்கங்க வேல" என்று விசாரித்தாள். அவன் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டை வெடுக்கென்று பிடுங்கி மரத்தடியில் கிடந்த நாய்க்கு முன்னால் வைத்தாள். "அது சாப்புடட்டும். அதுக்காவது குட்டி போட முடியும்" என்றாள். அவன் கையைக்கூடக் கழுவாமல் போனான். நாங்கள் நாலைந்து பேர் வாயில் இட்லியோடு அப்படியே நின்றோம்.

இப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டினார் எங்கள் டெபுடி செக்ரட்டரி ராஜசேகரன்.

நான் எந்தத் துறையில் வேலை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். சூரியன், காற்று, சாணம் இவற்றிலிருந்தெல்லாம் சக்தி எடுக்கப்போவதாகச் சொன்ன துறை. ராஜசேகரன் சென்னைக்காரர். வெளிநாட்டில் போய் எரிசக்தி பற்றிப் படித்துவிட்டு வந்தவர். கழுத்தில் டை இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய குவார்ட்டர்ஸின் முதல்மாடி பால்கனி நேராக வேப்பமரத்தைப் பார்த்திருந்தது. தினமும் காலையில் அங்கே நின்று காபி குடிப்பார். கீழேயிருந்து பவுனுவின் அங்கீட்டிப் புகை மேலே போய், அவர் வீட்டுத் திரைச்சீலைகளைக் கறுப்பாக்கியது. அது உண்மைதான், மறுக்கவில்லை. நிலக்கரிப் புகை பன்னீர் வாசனையா அடிக்கும்?

ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருந்தால் அடுப்பைப் பத்தடி தள்ளி வைத்திருப்பாள். அவர் சொல்லவில்லை. ஏஷியாட் விளையாட்டு வருகிறது, தில்லியை அழகாக்க வேண்டும் என்று ஊரே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. யாருக்கோ போன் போட்டார். மறுநாள் காலையில் ஒரு லாரி வந்தது.

நான் அங்கேதான் நின்றேன். லாரியிலிருந்து குதித்தவர்கள் முதலில் அடுப்பைக் கடப்பாரையால் இடித்தார்கள். பிறகு மாவுப் பானையைக் கவிழ்த்தார்கள். முந்தின நாள் அரைத்த மாவு தார் ரோட்டில் ஓடியது. மேலே பால்கனியில் ராஜசேகரன் காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பவுனு அண்ணாந்து கும்பிட்டாள். "ஐயா, நீங்களும் தமிழ்க்காரங்கதான? ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்:

"ஊருக்கு நல்லது நடக்கணும்னா நாலு பேருக்குக் கஷ்டம் வரத்தாம்மா செய்யும்."

காபியைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போனார்.

பவுனு குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அந்தப் பால்கனியைப் பார்த்துத் தூற்றினாள். பிறகு நசுங்கிப்போன வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு குடிசைக்கு நடந்தாள்.

ஏஷியாட் முடிந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குப் போனார்கள். சுண்ணாம்பு உதிரத் தொடங்கியதும் சோளக்கதிர் சுடுகிறவன் திரும்பி வந்தான், செருப்புத் தைப்பவர் வந்தார், சாட் வண்டிக்காரன் வந்தான். வேப்பமரத்தடி மட்டும் காலியாகவே கிடந்தது. பவுனு வரவில்லை. எங்கள் வீட்டையும் சேர்த்து நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். தில்லிக் குளிரில் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் தேய்த்து விரலெல்லாம் வெடித்திருந்தது.

"ஏன் பவுனு இப்படி? எல்லாரும் வந்துட்டாங்க, நீயும் வந்து அடுப்பு வைக்க வேண்டியதுதானே?" என்று ஜெயலட்சுமி கேட்டாள்.

"வக்கிறேன்மா. ஆனா அந்தாளு வாயால 'பவுனு, அடுப்பு கொண்டா'ன்னு என்னக் கேக்கணும். பேரு சொல்லிக் கேக்கணும். அன்னிக்குத்தான் அந்த மரத்தடியில நெருப்பு மூட்டுவேன். இல்லன்னா அந்த எடம் அப்பிடியே கெடக்கட்டும்."

பெரியண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "இவளுக்கு இன்னா கிறுக்கா சார்? அவரு வூட்டுல கேஸ் இருக்குது, கரண்டு அடுப்பு இருக்குது. இவகிட்ட எதுக்கு வந்து அடுப்பு கேக்கப் போறாரு?"

எனக்கும் அவன் பேச்சில்தான் நியாயம் தெரிந்தது. பழி தீர்க்கிறேன் என்று அவள் பட்டினியைத்தான் வளர்க்கிறாள் என்று நினைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் துறை சூரிய அடுப்பைக் கையில் எடுத்தது. பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பயணப் பெட்டி மாதிரி ஒரு அலுமினியப் பெட்டி, உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே ஒளி புகும் கண்ணாடி மூடி, அதற்கும் மேலே இன்னொரு மூடி. திறந்து வைத்த மேல்மூடியின் உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருக்கும். அது சூரிய வெளிச்சத்தை வாங்கிப் பெட்டிக்குள் திருப்பும். கறுப்பு டப்பாக்களில் அரிசி, பருப்பு போட்டு உள்ளே வைத்துவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் வெந்துவிடும். ஆபீஸ் மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தோம், வெந்தது. விறகு வேண்டாம், புகை இல்லை, செலவு இல்லை, ஏழைகளின் விடிவுகாலம் என்று ராஜசேகரன் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். அடித்து அடித்து எனக்கு ஆங்கிலத்தில் 'சூரியன்' என்ற வார்த்தையே பிடிக்காமல் போனது.

முதலில் இலவசமாகக் கொடுத்துப் பார்க்க ஒரு குடிசைப் பகுதி வேண்டும் என்றார்கள். பவுனு இருந்த குடிசைகளே ஆபீசுக்குப் பக்கமாக அமைந்தன. ராஜசேகரன் நேரில் வந்து, கையில் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு பெண்களுக்குப் பாடம் எடுத்தார்.

"சூரியன் நகர நகரப் பெட்டியைத் திருப்பணும். கண்ணாடி வெளிச்சம் எங்கே விழுதுன்னு பார்த்துப் பார்த்துத் திருப்பணும். புரிஞ்சுதா?"

பவுனு முன்வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். "ஐயா, நான் வூட்டுல இருக்குற நேரம் சூரியன் இருக்காது. சூரியன் இருக்குற நேரம் நான் வூட்டுல இருக்க மாட்டேன். யாரு திருப்புறது?"

"பக்கத்து வீட்டில் சொல்லிட்டுப் போம்மா."

"அவளும் எங்கூடத்தான் வேலைக்கு வர்றா."

"எல்லாத்துக்கும் எதிர்க்கேள்வி கேட்டா நாடு எப்படி முன்னேறும்?" என்று அவர் அடுத்த குடிசைக்கு நகர்ந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தவன் அவள் முகத்தையாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா?

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பெரியண்ணன் அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தான். பெட்டிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியில் திட்டத்தை முழுமனதாக ஏற்றுக்கொண்டது அந்தக் கோழி ஒன்றுதான். திட்டம் பெரும் வெற்றி என்று நான் டைப் அடித்துக் கொடுத்தேன். அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

அடுத்து பொங்கல் வந்தது. எங்கள் செக்டர் தமிழர்கள் வருஷா வருஷம் மார்க்கெட் எதிரே உள்ள பூங்காவில் விழா நடத்துவோம். அந்த வருஷம் ராஜசேகரன்தான் விழாக் குழுத் தலைவர். கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்:

"சூரியனுக்குப் படைக்கிற பொங்கலை ஏன் புகையில் வைக்கணும்? இந்த வருஷம் சூரியனுக்குச் சூரியனே பொங்கல் வைக்கட்டும். துணை அமைச்சரைக் கூப்பிடறேன். டி.வி. கேமரா வரும். பூங்காவில் ஒரு நெருப்புக் குச்சி எரியக்கூடாது."

எல்லாரும் கைதட்டினோம். உண்மையில் அழகான யோசனைதான். குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாரும் ஆபீசர்கள், இல்லாவிட்டால் குமாஸ்தாக்கள். வீட்டில் பொங்கல் வைத்தவர் ஒருத்தரும் இல்லை. வெந்த பிறகு இலையில் பார்த்தவர்கள்தான் நாங்கள்.

கேமராவுக்கு முன்னால் பெட்டியைத் திறக்க, திட்டத்தால் பயனடைந்த ஏழைத் தமிழ்ப்பெண் ஒருத்தி வேண்டும் என்றார். பவுனுவின் பெயரை நான்தான் கொடுத்தேன். மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். கேட்டதும் அவள் கண் பளிச்சென்றது.

"வர்றேன் சார். பொங்கலன்னிக்கு இந்த ஊர்ல சூரியன எங்க பாப்பாரு? பனிமூட்டத்துல பக்கத்துல நிக்கிற ஆளே தெரியாது. மினிஸ்டர் வந்து நிப்பாரு, அரிசி ஊறிக்கினே கெடக்கும். அப்ப அவரு அடுப்புக்கு யாருகிட்ட வருவாரு? எங்கிட்டத்தான் வரணும்."

முந்தின நாள் ரேடியோ, நாளை வானம் தெளிவாக இருக்கும் என்றது. பவுனுவுக்கு ஒரே சந்தோஷம். ரேடியோ அப்படிச் சொன்னால் பனிமூட்டம் நிச்சயம் என்றாள். நசுங்கிய வாளியைத் தட்டி நிமிர்த்தி, புதுக் களிமண் பூசிக் காயவைத்திருந்தாள். பொங்கலன்று விடியற்காலையில் அந்த அங்கீட்டியையும் ஒரு பை நிலக்கரியையும் கோணியில் சுற்றிக் கொண்டுவந்து வேப்பமரத்துக்குப் பின்னால் மறைத்துவைத்தாள்.

காலையில் பனி இருந்தது, நல்ல அடர்த்தியான பனி. பவுனு மஞ்சள் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, பூங்காவில் கைகட்டி நின்றாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ராஜசேகரன் சூட்டும் டையுமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

ஆபீஸ் போகிற நேரம் தாண்டியதும் பனி கலைந்தது. சூரியன் வந்தது. சும்மா வரவில்லை, ஏப்ரல் மாதம் மாதிரி சுள்ளென்று வந்தது. சர்க்கார் அவளிடம் சொன்ன முதல் உண்மை அன்றைக்கென்று பார்த்துப் பலித்துவிட்டது.

"துரோகி" என்றாள் பவுனு, சூரியனைப் பார்த்து. பூவைப் பிய்த்து எறிந்துவிட்டு மரத்தடிப் பக்கம் போய்த் திரும்பி உட்கார்ந்தாள். அவள் முதுகைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. ராஜசேகரன் சிரித்தார். வரிசையாகப் பெட்டிகளை வைத்து, டப்பாக்களில் அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், பால் எல்லாம் போட்டு, தானே கண்ணாடிகளைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினார்.

துணை அமைச்சர் வழக்கம்போலத் தாமதமாக வந்தார். அதுவும் ராஜசேகரனுக்கு நல்லதாகப் போயிற்று, அரிசி வேக நேரம் கிடைத்தது. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்து மனிதர் அவர். தடித்த கம்பளிக்குள்ளிருந்து வெள்ளையாகச் சிரித்தார். பொங்கல் என்றால் என்ன என்று ராஜசேகரன் அவருக்கு இந்தியில் விளக்கினார். பானையில் பால் பொங்கி வழியும், அந்த நொடியில் எல்லாரும் 'பொங்கலோ பொங்கல்' என்று கூவ வேண்டும், அதுதான் பண்டிகை என்று சொல்லி, அந்த இரண்டு வார்த்தைகளையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அமைச்சர் குழந்தை மாதிரி சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கேமரா ஓடத் தொடங்கியது. பவுனுவைக் கூப்பிட்டார்கள். அவள் சுரத்தில்லாமல் வந்து பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கினாள், டப்பாவின் மூடியைத் திறந்தாள். பொங்கல் வெந்திருந்தது. குழையக் குழைய, நிறமும் வாசனையுமாக நன்றாகவே வெந்திருந்தது. ராஜசேகரன் மார்பை நிமிர்த்தினார். பெண்கள் குலவையிட வாயருகே கையைக் கொண்டுபோனார்கள்.

அமைச்சர் டப்பாவைக் குனிந்து பார்த்தார். கேமராவைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

"உபால் கப் ஆயேகா?" என்றார்.

எப்போது பொங்கும் என்று கேட்கிறார்.

டப்பா அது பாட்டுக்கு அமைதியாக இருந்தது. அதற்குள் இருந்தது ஏற்கெனவே வெந்துவிட்டது, இனி அது எதற்குப் பொங்கும்? சூரிய அடுப்பில் எதுவும் பொங்காது. மெதுவாக, சத்தமில்லாமல், மூடிக்குள்ளேயே வெந்து முடிந்துவிடும். மொட்டைமாடியில் அத்தனை நாள் சமைத்துப் பார்த்தோமே, அத்தனை டைப் அடித்தேனே, தமிழர்களாகிய எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. பனி வருமா வராதா என்று மட்டுமே கணக்குப் போட்ட பவுனுவுக்கும் தோன்றவில்லை. அவளும் வாயைப் பிளந்துகொண்டுதான் டப்பாவைப் பார்த்தாள்.

முதலில் வாயைத் திறந்தவள் என் மனைவிதான்.

"பொங்காம எப்படிங்க பொங்கல்? எங்க வீட்ல குக்கர்ல வச்சாக்கூட முதல்ல ஒரு சொம்புப் பாலாவது அடுப்புல பொங்க விட்டுருவோம். நல்ல நாள் அதுவுமா பொங்காததைப் படைச்சா வீட்டுக்கு ஆகுமா?"

ஆகாது, ஆகாது என்று பெண்கள் பக்கமிருந்து பல குரல்கள் கிளம்பின. கேமராக்காரர், "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். அமைச்சருக்கு விஷயம் புரிந்தது. கிராமத்து மனிதருக்கு இதில் என்ன கஷ்டம்? கைகளைத் தேய்த்துக்கொண்டு உற்சாகமாகச் சொன்னார்:

"அரே, அங்கீட்டி மங்வாவோ பாய்! தூத் உபாலோ!"

அடுப்பைக் கொண்டுவரச் சொல், பாலைப் பொங்கவை. ஒரு நெருப்புக் குச்சி எரியக்கூடாது என்று சொன்ன மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரோ, கேஸ் அடுப்பு கொண்டுவரட்டுமா என்றார்கள். அமைச்சர் கையை ஆட்டினார், அங்கீட்டிதான் வேண்டுமாம், குளிருக்கும் ஆகுமாம். ராஜசேகரன் பெட்டிப் பக்கத்தில் நின்ற ஏழைப் பெண்ணிடம் குனிந்தார்.

"ஏம்மா, உன்கிட்ட அடுப்பு ஏதாவது இருக்கா?"

பவுனு நிமிர்ந்து நின்றாள். அவள் கண்ணில் பழைய பளபளப்பு திரும்பி வருவதைப் பார்த்தேன்.

"எங்கிட்டன்னா யாருகிட்ட? பேரு சொல்லிக் கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தம்மா பேர் என்னய்யா?"

சொன்னேன்.

"பவுனு, அடுப்பு கொண்டாம்மா" என்றார் ராஜசேகரன். "சீக்கிரம்."

"அடுப்பு வராது. என் எடத்துலதான் எரியும். பானைய அங்க எடுத்தாங்க" என்றாள் பவுனு. அமைச்சரைப் பார்த்து, "ஆயியே சாப்" என்று அழைத்துவிட்டு வேப்பமரத்தை நோக்கி நடந்தாள்.

அமைச்சர் அவள் பின்னால் போனார். அமைச்சர் பின்னால் கேமரா போனது. கேமராவின் பின்னால் ஊரே போனது. மஞ்சள் கொத்து கட்டிய அலங்காரப் பானையில் பாலை ஊற்றிக்கொண்டு ராஜசேகரன் கடைசியாக ஓடி வந்தார். பவுனு கோணியை அவிழ்த்தாள். அடுப்பை மரத்தடியில் பழைய இடத்திலேயே வைத்து நெருப்பு மூட்டினாள். கரியை வேண்டுமென்றே ஈரமாக வைத்திருந்தாளோ என்னவோ, கருகருவென்று புகை எழும்பியது. பனை விசிறியை எடுத்து டெபுடி செக்ரட்டரி கையில் கொடுத்தாள்.

"விசுறுங்க. நின்னுக்கினு விசுறுனா பத்தாது, ஒக்காந்து விசுறுங்க."

சூட் போட்ட மனிதர் குந்தி உட்கார்ந்து விசிறினார். காற்று அவர் முகத்துக்கு நேராகவே அடித்தது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீராகக் கொட்டியது. டை அடுப்பு விளிம்பில் உரசியது. புகை அவர் தலைக்கு மேலே கிளம்பி, நேராக அவர் வீட்டுப் பால்கனிக்குப் போய், வெள்ளைத் திரைச்சீலைகளுக்குள் நுழைந்தது. பவுனு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்தாள். பால் பொங்கி வழிந்தது. அமைச்சர்தான் முதலில் கூவினார். அந்த மாதிரி ஒரு 'பொங்கலோ பொங்கல்' அந்தச் செக்டரில் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு டி.வி. முன்னால் கூட்டம். பவுனுவும் பெரியண்ணனும் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். செய்தியில் வேப்பமரம் தெரிந்தது, பால் பொங்கியது, அமைச்சர் கூவினார். சூரிய சக்தியில் சமைத்த முதல் பொங்கல் என்று செய்தி வாசித்தவர் சொன்னார். நான் குதித்தேன். "எவ்வளவு பெரிய பொய்! கண்ணெதிரே கரி எரியுது!" என்று கத்தினேன்.

பவுனு அலட்டிக்கொள்ளவில்லை. "அது பொய்யி சொல்லும்னு தெரிஞ்சதுதான சார்? அந்தாளு ஒக்காந்து விசுறுனத காட்டுனாங்களா இல்லையா, அத சொல்லுங்க."

காட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் மரத்தடியில் இட்லி வெந்தது. அமைச்சர் குளிர்காய்ந்த அடுப்பு என்பதால் ரோந்து வரும் பீட் போலீஸ்காரரே அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார். நான் முதல் தட்டை வாங்கியபோதுதான் மரத்தைக் கவனித்தேன். தன் வீட்டுச் சூரிய அடுப்பின் கண்ணாடி பதித்த மேல்மூடியைக் கழற்றிக் கொண்டுவந்து, வேப்பமரத்தில் கம்பியால் கட்டியிருந்தாள். காலை வெயிலை வாங்கி அது நேராக முதல்மாடிப் பால்கனிக்குள் திருப்பியது. காபி டம்ளரோடு வெளியே வந்த ராஜசேகரன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனார். மறுபக்கமாக வந்து நின்றார். பவுனு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எட்டிக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினாள். வெளிச்சம் அங்கேயும் போனது.

சில நாள் பொறுத்தார். பிறகு ஒரு காலையில் கீழே இறங்கி வந்து, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அவள் எதிரே நின்றார்.

"பவுனு, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் எடுத்துடேம்மா. பால்கனியில் நிக்க முடியலை."

இந்தத் தடவை பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

"சூரியன் நகர நகரத் திருப்பணும்னு நீங்கதானய்யா பெரம்ப வச்சுக்கினு சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் பவுனு. இட்லித் தட்டிலிருந்து துணியை உரித்தபடியே, அவர் அன்று பேசிய அதே நிதானத்தில் மேலும் சொன்னாள்:

"ஊருக்கு நல்லது நடக்கணும்னா நாலு பேருக்குக் கஷ்டம் வரத்தான்யா செய்யும்."

அவர் கையை இறக்கி அவள் முகத்தைப் பார்த்தார். அவளை அப்போதுதான் அடையாளம் தெரிந்தது என்று நினைக்கிறேன். திரும்பி மாடிப்படி ஏறினார். பவுனு கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பிவிட்டு என் தட்டைப் பார்த்தாள், நான் கேட்காமலே இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.